எந்த மருந்து என்பதை எந்த மொழி தீர்மானிக்கிறது?

இது நீண்ட பதிவு. முழுவதும் படித்துவிட்டு மறுக்குமாறு நண்பர்களை வேண்டுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மொழியியலில் முதுகலை முடித்து, அந்தமான் தமிழரின் பேச்சுவழக்கை முனைவர் பட்டத்திற்காக ஆராய்ந்து வருபவள். ஆகவே யாருக்கு எந்த மாத்திரை உகந்தது என்று நான் பரிந்துரைக்கப் போவதில்லை. இப்பதிவைப் படித்துவிட்டு எவரும் தாம் உண்ணும் மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா. மனச்சிதைவு நோய்க்கான மருந்து தேர்ந்தெடுக்கப்படும் அறையில் என்ன பேசப்படுகிறது, எது பேசப்படாமல் போகிறது என்பதே என் பொருள். அது என் துறைக்கு உட்பட்டது.

நம் கல்விப்புலத்தில் இந்நோயின் மருந்துகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு அணியினர். முதல் அணியினர் மானுடவியல், பண்பாட்டு ஆய்வு, இலக்கியக் கோட்பாடு படித்தவர்கள். அவர்களுக்கு மருந்து என்றாலே அதிகாரம். நோயாளியை அடக்கிவைக்கும் வேதியியல் விலங்கு. ஃபூக்கோவை மேற்கோள் காட்டுவார்கள்; ஒரு மருந்தின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். இரண்டாம் அணியினர் நடைமுறைவாதிகள். "மருத்துவரே போதாத தீவில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுக்க வேண்டியதுதான், எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான்" என்பது அவர்கள் வாதம். இவ்விரு அணிகளும் ஒன்றையொன்று வெறுப்பவை. ஆனால் இரண்டும் ஒரே பிழையில் கைகோத்து நிற்கின்றன: எல்லா மருந்தும் ஒன்றே என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை தவறு என்பதும், அத்தவற்றின் விலையை மொழிச் சிறுபான்மையினரான நோயாளிகளே மிகுதியாகச் செலுத்த நேர்கிறது என்பதும் என் வாதம்.

மருந்துகள் ஒன்றல்ல என்பதிலிருந்து தொடங்குவோம்.

1952இல் பாரிஸ் நகரில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்னும் இருவர் குளோர்புரோமசின் மருந்தை மனநோயாளிகளிடம் பயன்படுத்தி அதன் பயனை வெளியிட்டனர். அதன்பின் வந்தவை பல: ட்ரைஃப்ளுவோபெரசின், ஹாலோபெரிடால், குளோசபின், ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், குவெட்டியபின், அரிபிப்ரசோல். 1990களில் வந்த புதிய தலைமுறை மருந்துகள் பழையவற்றைவிட எல்லா வகையிலும் மேலானவை என்று விளம்பரப்படுத்தப்பட்டன. அமெரிக்க அரசின் நிதியில் 57 மையங்களில் 1,493 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான கேட்டி ஆய்வு அந்தப் பேச்சை அசைத்தது. பழைய பெர்ஃபெனசினுக்கும் புதியவற்றுள் பெரும்பாலானவற்றுக்கும் பயனில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஒலன்சபின் சற்று மேலாக நின்றது. ஆனால் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் மிகுதியாக ஏற்றியது. எல்லாவற்றையும்விட முதன்மையான எண் வேறொன்று: 18 மாதங்கள் முடியும்முன் 74 விழுக்காட்டினர் தமக்கு முதலில் தரப்பட்ட மருந்தை விட்டுவிட்டனர்.

இவ்வாய்வைக் காட்டித்தான் நடைமுறைவாதிகள் "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். பாதியைப் படித்தவர் கூற்று அது. 2013இல் லாய்க்ட் குழுவினர் லான்செட் இதழில் 15 மருந்துகளை 212 ஆய்வுகளின் வழி ஒப்பிட்டனர். நோய்க்குறிகளைக் குறைப்பதில் குளோசபின் முன்னே நின்றது. ஏனையவற்றுக்கிடையே வேறுபாடு சிறியது. ஆனால் பக்கவிளைவுகளில் வேறுபாடு மிகப் பெரியது. ஹாலோபெரிடால் உடலை விறைக்கச் செய்யும், கையை நடுங்கவைக்கும். ஒலன்சபின் பசியைக் கூட்டும். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்னும் சுரப்பை ஏற்றி மாதவிலக்கை நிறுத்தக்கூடும். குவெட்டியபின் தூங்கவைக்கும்; எழும்போது தலைசுற்றும். அரிபிப்ரசோல் எடையை அவ்வளவு ஏற்றாது. ஆயினும் சிலரை ஓரிடத்தில் உட்காரவிடாது.

இதன் பொருள் என்ன? குளோசபினை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு மருந்தை விட்டு மற்றொன்றைத் தேர்வதற்கான முதன்மைக் காரணம் பக்கவிளைவே. எடையைத் தராசு சொல்லும்; சர்க்கரையை ஆய்வுக்கூடம் சொல்லும். மற்றவற்றுள் பெரும்பகுதியை நோயாளியின் வாய்தான் சொல்ல வேண்டும். உள்ளே என்ன நிகழ்கிறது என்பதற்கு வேறு கருவி இல்லை. ஆகவே எந்த மருந்து என்னும் மருத்துவக் கேள்வியின் நடுவில் ஒரு மொழிக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

அதற்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

மருத்துவ நூல்களில் அகத்திசியா என்றொரு பக்கவிளைவு உண்டு. 1901இல் பிராகு நகரத்து மருத்துவர் லாடிஸ்லாவ் ஹஷ்கோவெட்ஸ் இட்ட பெயர் அது. இம்மருந்துகள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே. கிரேக்கத்தில் அதன் நேர்ப்பொருள் 'உட்காராமை'. மருந்து உண்பவர் உள்ளே ஒரு தாங்க முடியாத உந்தலை உணர்வார். கால் மாற்றிக் கால் வைப்பார். எழுவார், நடப்பார், அமர்வார், மீண்டும் எழுவார். மிகுந்த துன்பம் தருவது. சிலரைத் தற்கொலை எண்ணத்திற்கும் தள்ளக்கூடியது. மருந்தின் அளவைக் குறைத்தாலோ, வேறு மருந்துக்கு மாற்றினாலோ, ப்ரொப்ரனலால் போன்ற மருந்தைச் சேர்த்தாலோ பெரும்பாலும் தணியும்.

இதற்குத் தமிழில் புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. "இருப்புக் கொள்ளவில்லை" என்று நம் பாட்டிமார் நாள்தோறும் சொல்கிறார்கள். கிரேக்கச் சொல்லின் பொருள் ஓர் எழுத்தும் சிந்தாமல் இதில் இருக்கிறது. பேச்சில் "ஒரு எடத்துல இருப்புக் கொள்ளல", "காலு நிக்க மாட்டேங்குது", "உள்ளுக்குள்ள பரபரன்னு கெடக்கு" என்றெல்லாம் வரும். தமிழ் அறிந்த மருத்துவர் இதைக் கேட்டால், காலைப் பார்ப்பார். எப்போது தொடங்கியது, மாத்திரை கூட்டிய பிறகா என்று கேட்பார்.

இனி அதே வாக்கியம் இந்தி மட்டுமே அறிந்த மருத்துவரிடம் போவதாக வைத்துக்கொள்வோம். உடன் வந்த தம்பியோ மாமாவோ மொழிபெயர்க்கிறார். "இருப்புக் கொள்ளல" என்பது அவர் வாயில் 'பேச்சைனி' ஆகிறது. அச்சொல் மனக்கலக்கம், அமைதியின்மை, பதற்றம், தவிப்பு எல்லாவற்றையும் ஒரே போர்வையில் மூடும். கால் காணாமல் போய்விட்டது. உட்கார முடியாமையும் காணாமல் போய்விட்டது. மிஞ்சியது பதற்றம் மட்டும். பதற்றம் கூடியிருக்கிறது என்றால் நோய் முற்றுகிறது என்று நினைப்பது இயல்பு. நோய் முற்றினால் மருந்தைக் கூட்டுவதும் இயல்பே. மருந்து கூடினால் அகத்திசியாவும் கூடும். அடுத்த முறை அதே தம்பி அதே 'பேச்சைனி'யை இன்னும் அழுத்தமாகச் சொல்வார். இச்சுழலைக் குறித்து உளமருத்துவப் பாடநூல்களே எச்சரிக்கின்றன. ஒரே மொழி பேசும் மருத்துவரும் நோயாளியும்கூட இதில் விழுவதுண்டு. இடையே மொழிபெயர்ப்பு புகும்போது வழுக்கல் இரட்டிப்பாகிறது.

அந்தமான் ஏன் இங்கே வருகிறது என்று கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அவர்களுள் வங்காளம் பேசுவோர் 28 விழுக்காட்டுக்கு மேல், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, நிக்கோபாரி, மலையாளம் ஏறத்தாழ ஏழேழு. எந்த மொழியும் பெரும்பான்மை மொழி இல்லை. ஆட்சிமொழிகள் இந்தியும் ஆங்கிலமும். சந்தையில், படகுத்துறையில், பேருந்தில் அனைவரையும் இணைப்பது அந்தமான் இந்தி. தமிழரிலும் பல தரத்தார் உண்டு: இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கூலிவேலைக்கும் வணிகத்திற்கும் வந்தோர், 1964இன் சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டோர், பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் பேயில் நிலம் பெற்ற முன்னாள் படைவீரர் குடும்பத்தார். இத்தீவுகள் முழுமைக்கும் தலைமை மருத்துவமனை போர்ட் பிளேரில் உள்ளது. அந்நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஓர் ஊரின் பெயரை ஓர் அறிவிப்பில் மாற்ற முடிகிறது. ஒரு நோயாளியிடம் அவர் மொழியில் பேச என்ன ஏற்பாடு என்று கேட்டால் மட்டும் காலம் வேண்டும் என்கிறார்கள்.

"தீவில் எல்லோருக்கும் இந்தி தெரியுமே" என்பது நான் மிகுதியாகக் கேட்கும் மறுமொழி. தெரியும்தான். மீன் விலை பேசவும், கப்பல் சீட்டு வாங்கவும், பள்ளி ஆசிரியரிடம் முறையிடவும் தெரியும். ஆனால் சந்தைமொழிக்கும் உடல்மொழிக்கும் இடையே உள்ள தொலைவை மொழியியல் மாணவர் எவரும் அறிவர். நாக்கு தடித்துப்போவதையும், தலைக்குள் பஞ்சு அடைத்தாற்போல் இருப்பதையும், மனம் மரத்துப்போவதையும் ஒருவர் எம்மொழியில் கற்றாரோ அம்மொழியில்தான் துல்லியமாகச் சொல்வார். மருத்துவமனைப் பணியாளருள் தமிழ் அறிந்தவர் இருக்கக்கூடும். பல நாள் அவரே கைகொடுக்கவும் கூடும். அது நற்பேறு. நற்பேற்றை உரிமை என்று கணக்கில் எழுத முடியாது.

இலக்கணத்துக்குள்ளும் கொஞ்சம் போவோம். "என்னைக் கொல்லப் போறாங்க" என்பது ஒரு வாக்கியம். "என்னைக் கொல்லப் போறாங்களாம்" என்பது மற்றொன்று. இறுதியில் ஒட்டிய 'ஆம்', இச்செய்தி பேசுபவர் தாமே கண்டறிந்தது அன்று, பிறர் சொல்லக் கேட்டது என்று காட்டும் உருபு. அடுத்த கேள்வி தானே எழ வேண்டும்: "யார் சொன்னது?" அங்கேதான் காதில் ஒலிக்கும் குரல்களைப் பற்றிய செய்தி வெளிவரக்கூடும். அதேபோல் "பேசுறாங்க" என்று போன மாதம் சொன்னவர் இம்மாதம் "பேசுற மாதிரி இருக்கு" என்றால், குரல் இன்னும் ஒலித்தாலும் அதனோடு அவருக்குள்ள உறவு மாறத் தொடங்கியிருக்கலாம். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது ஒரு தடயம். உறவினரின் விரைந்த மொழிபெயர்ப்பில் இந்த 'ஆம்', 'மாதிரி' இரண்டும் முதலில் உதிர்பவை. இரண்டு வாக்கியமும் இந்தியில் ஒன்றாகவே போய்ச்சேரும். மருந்து பயன் தரவில்லை என்று முடிவாகும். பயன் தரும் மருந்து கைவிடப்படலாம். பயனற்றது தொடரவும் செய்யலாம்.

உறவினரே மொழிபெயர்ப்பாளர் என்னும் ஏற்பாட்டின் இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். ரிஸ்பெரிடோன் உண்ணும் மணமாகாத ஓர் இளம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லை. மார்பில் பால் கசிகிறது. இரண்டும் புரோலாக்டின் கூடியதால் வருபவை. இரத்தப் பரிசோதனையில் தெரிபவை. மருந்து மாற்றினால் பெரும்பாலும் சரியாகுபவை. ஆனால் அவள் இதை யாரிடம் சொல்வாள்? அறையில் மருத்துவருக்கும் அவளுக்கும் இடையே அமர்ந்திருப்பவர் அவள் அண்ணன். அண்ணன் வாய்வழியாகத்தான் அவள் உடல் மருத்துவரை அடைய வேண்டும். அவள் சொல்லமாட்டாள். மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவாள். நோய் திரும்பும். கோப்பில் "மருந்துக்கு ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு வரி ஏறும். ஆண்களுக்கும் இதே கதைதான். பாலுறவு நாட்டமோ இயலுமையோ குறைந்ததைத் தாயின் முன்னால் எந்த மகன் சொல்வான்? கேட்டி ஆய்வின் 74 விழுக்காட்டை மீண்டும் நினைவுகொள்ளுங்கள். மருந்தை விட்டவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. காரணத்தைக் கேட்காத இடத்தில் குற்றம் நோயாளியின் தலையில் விழுகிறது.

அடுத்து, குளோசபின்.

முறையான அளவில், முறையான காலம் இரண்டு மருந்துகளைக் கொடுத்தும் பயன் இல்லையெனில் குளோசபினை எண்ண வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. 1988இல் ஜான் கேன் குழுவினர், பிற மருந்துகளுக்கு இணங்காத 268 நோயாளிகளிடம் இதனைக் குளோர்புரோமசினுடன் ஒப்பிட்டனர். ஆறு வாரத்தில் குளோசபின் பெற்றோரில் 30 விழுக்காட்டினரும், மற்றவர்களில் 4 விழுக்காட்டினரும் தேறினர். தற்கொலை முயற்சிகளைக் குறைப்பதிலும் அது முந்துகிறது என்று 2003இல் 980 நோயாளிகளைக் கொண்ட ஆய்வொன்று காட்டியது. உலக நல நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் அது உண்டு.

ஆனால் 1975இல் பின்லாந்தில் இம்மருந்தால் இரத்த வெள்ளணுக்கள் வீழ்ந்து எட்டு நோயாளிகள் இறந்தனர். அதனால்தான் முதல் 18 வாரம் வாரந்தோறும் வெள்ளணு எண்ணிக்கை பார்ப்பது வழக்கமாயிற்று. ஆபத்து பெரும்பாலும் அக்காலத்திலேயே நேரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பரிசோதனை முடிவைக் காட்டினால்தான் மருந்து என்னும் கட்டாயப் பதிவுத் திட்டத்தை 2025இல் கைவிட்டது. எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்னும் அறிவுரை நீடிக்கிறது. இதைத் தீவின் வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். காம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல்வழி 500 கிலோமீட்டருக்கும் மேல். வாரந்தோறும் எவரும் வரமுடியாது. எனவே "தீவுக்குக் குளோசபின் ஒத்துவராது" என்பார் நடைமுறைவாதி.

நான் மறுக்கிறேன். அம்மருந்துக்கு வாரந்தோறும் வேண்டுவது உளமருத்துவரின் முகதரிசனம் அன்று. ஒரு சொட்டு இரத்தத்தின் வெள்ளணுக் கணக்கு. அது எளிய பரிசோதனை. எண்ணும் பொறியும், அதை இயக்கும் ஒருவரும், முடிவைத் தொலைபேசியில் மருத்துவரிடம் சொல்லும் ஒழுங்கும் போதும். ஆனால் பொறி சொல்லாத செய்திகளும் இம்மருந்தில் உண்டு. காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே சொல்ல வேண்டும். குளோசபின் தரும் மலச்சிக்கல் குடலையே முடக்கி உயிரைக் கவரக்கூடியது. அதை வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. இரவில் எச்சில் வழிந்து தலையணை நனைவதையும் சொல்ல வேண்டும். பீடி குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் பேச்சு. பொறி வாங்கும் கோப்பு நகர்ந்தாலும் பேச்சுக்கான கோப்பு திறக்கப்படாவிட்டால் பொறியால் பயன் பாதியே.

கப்பல் அட்டவணைக்கு ஏற்றது என்று நீண்டநாள் ஊசிகளைப் பரிந்துரைப்போரும் உளர். ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் இரண்டு முதல் நான்கு வாரம் வரை நிற்கும். பாலிபெரிடோன் ஊசியில் மாதத்துக்கு ஒன்றும், மூன்று மாதத்துக்கு ஒன்றும் உண்டு. பலருக்கு அவை பெருந்துணை. நாள்தோறும் மாத்திரையை எண்ணும் தொல்லையிலிருந்து விடுவிப்பவை. ஆனால் மாத்திரையை நாளையே நிறுத்தலாம். உடலுக்குள் போன ஊசியைத் திரும்ப எடுக்க இயலாது. இருப்புக் கொள்ளாமை வந்தால் வாரக்கணக்கில் அதனோடு வாழ வேண்டும். ஆகவே ஊசிக்கு முன் அதே மருந்தை வாய்வழி கொடுத்து, என்ன செய்கிறது என்று அவர் மொழியில் கேட்டறிந்து, அவர் இசைவு பெற்றுப் பின் போடுவதே அறம். நிர்வாக வசதிக்காக ஊசியைத் தேர்ந்தால், தேர்ந்தது கப்பல், நோயாளி அல்லர்.

இத்தீவுகளுக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. தண்டனைக் குடியேற்றக் காலத்திலேயே ஹேடோவில் மனநோயாளர் விடுதி இருந்தது. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் நாடுகடத்தப்பட்டுச் செல்லுலார் சிறைக்கு வந்த உல்லாஸ்கர் தத்தா, 1912இல் சிறைக்கொடுமையின் நடுவே மனநிலை குலைந்தார். ஹேடோவுக்கும் பின்னர் சென்னை மனநோயாளர் விடுதிக்கும் அனுப்பப்பட்டார். வங்காளி ஒருவர் தமிழ் பேசும் நகரின் விடுதியில் ஆண்டுகளைக் கழித்தார். அப்போது தேர்ந்தெடுக்க மருந்தே இல்லை. விடுதலைக்குப் பின் தம் சிறைவாழ்வைத் தாமே நூலாக எழுதினார். உள்ளே நிகழ்ந்ததைச் சொல்ல உள்ளே இருந்தவரே வேண்டியிருந்தது. இன்று மருந்துகள் பல. சொல்பவரைக் கேட்கும் ஏற்பாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது?

"மனச்சிதைவு உள்ளவருக்குத் தெளிவே இல்லை, அவரிடம் என்ன தேர்வு கேட்பது?" என்பது கற்றோர் பலரும் எழுப்பும் தடை. காதில் கேட்கும் குரல் உண்மை என்று நம்புகிறவருக்குத் தம் கால் நிற்கவில்லை என்பது தெரியாதா? நாக்கு வறண்டது தெரியாதா? ஒரு பொருளில் தெளிவு குறைந்தவர் எல்லாப் பொருளிலும் குருடர் என்று கொள்வது அறிவியலும் ஆகாது, சட்டமும் ஆகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 4ஆம் பிரிவின்படி, பிறர் பார்வைக்குத் தவறாகத் தோன்றும் முடிவை ஒருவர் எடுத்தார் என்பதாலேயே அவர் முடிவெடுக்கும் திறனற்றவர் ஆகிவிடார். 5ஆம் பிரிவு, பின்னாளில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைத் தருகிறது. 18ஆம் பிரிவு இன்றியமையா மருந்துகளை அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகத் தரச் சொல்கிறது. 22ஆம் பிரிவே என் வாதத்தின் அச்சாணி: நோயின் தன்மை, திட்டமிடப்பட்ட சிகிச்சை, அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள் ஆகியவற்றை, அவர் புரிந்துகொள்ளும் மொழியிலும் வடிவிலும் அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு.

அப்பிரிவு மருத்துவரிடமிருந்து நோயாளிக்குச் செல்லும் பாதையை மட்டும் காண்கிறது. திரும்பிவரும் பாதையும் அதே மொழியில் இருந்தால்தான் முதற்பாதைக்குப் பொருள் உண்டு. பக்கவிளைவைத் தமிழில் அறிந்துகொண்டு, அது வந்தபோது இந்தியில் சொல்லத் திணறுவது உரிமையின் கேலிச்சித்திரம்.

இப்போது நம்மை நோக்கி வருகிறேன். மருத்துவர்மேல் மட்டும் பழிபோடுவது எளிது. நெரிசலான புறநோயாளர் பிரிவில் நிமிடக்கணக்கில் நோயாளியைப் பார்க்கும் அவருக்கு நாம் என்ன கருவி கொடுத்தோம்? தமிழாய்வுத் துறைகள் கலைச்சொல் பட்டியல்களை அடுக்கியுள்ளன. அவை ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான சொல்லை ஆங்கிலம் அறிந்தவருக்காக ஆக்குபவை. 'மனச்சிதைவு' என்னும் பெயர் இழிவு சேர்க்கிறதா என்று விவாதிக்கிறோம், நல்ல விவாதம்தான். மனப்பிளவு என்னும் பொருள்பட்ட தன் பழைய பெயரை ஜப்பான் 2002இல் மாற்றியதை மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் நோயின் பெயர், உலகம் அவரை அழைக்கும் சொல். "இருப்புக் கொள்ளல" என்பது அவர் தம் உடலை அழைக்கும் சொல். முதலதற்குக் கருத்தரங்கு நடத்துகிறோம். இரண்டாவதைத் தொகுக்க ஒரு கள ஆய்வேடும் என் கண்ணில் படவில்லை.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. கிளாஸ்கோ நகரில் இம்மருந்துகளின் பக்கவிளைவுகளை அறிய 22 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை 2008இல் வெளியிட்டனர். நோயாளியே சில நிமிடத்தில் நிரப்பலாம். அதன் வலிமை, கலைச்சொல் தவிர்த்து அன்றாடச் சொல்லில் எழுதப்பட்டதே. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தமிழ்த் தாள் என்று நீட்டினால் வேலை கெடும். கச்சாலின் இலங்கைவழித் தமிழரும், காம்ப்பெல் பேயின் படைவீரர் குடும்பத்தாரும், போர்ட் பிளேரின் இராமநாதபுரத்தாரும் தம் உடலை எப்படிச் சொல்கிறார்கள் என்று, இசைவு பெற்று, அறநெறிக் குழுவின் ஒப்புதலோடு தொகுத்து, அதிலிருந்து கேள்விகளை எழுத வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் வாசித்துக் காட்டலாம். அந்தரங்கக் கேள்விகளை உறவினர் இல்லாத நேரத்தில், ஒத்த பாலினத்தவர் கேட்க வேண்டும். மருத்துவமனைக்குப் பயிற்சியும் ஊதியமும் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய நடுவண் அரசின் டெலி மானஸ் சேவை, 14416 என்னும் எண்ணில், 20 மொழிகளில் பேசுகிறது. தொலைபேசியில் மொழியைத் தேர்ந்துகொள்ள முடியுமெனில், மருந்து எழுதும் மேசையிலும் முடியும்.

தமிழுக்கு மட்டும் இதைக் கேட்கிறேன் என்று எண்ண வேண்டா. வங்காளிகள் நம்மிலும் பலர். நிக்கோபாரியருக்கும், 1925 முதல் மாயாபந்தர்ப் பகுதியில் வாழும் கரேன் மக்களுக்கும், சாத்ரி பேசும் ராஞ்சித் தொழிலாளர்க்கும் இதே உரிமை உண்டு. அவர்கள் மொழிகளில் பணியாளர் கிடைப்பது நம்மினும் அரிது. தமிழில் ஒரு தாள் உருவானால் அது முறையியலாகும். மற்றவர் அதை எடுத்தாளலாம்.

இனி முதல் அணி நண்பர்களுக்கு. மருந்தை அதிகாரம் என்று அழைத்துவிட்டு நகர்வது, நோயாளியை அதே அறையில் அதே தவறான மருந்தோடு விட்டுச்செல்வது. அதிகாரத்தை எதிர்க்க விரும்பினால், ஒரு மருந்தின் பெயரையும் அதன் அளவையும் படியுங்கள். அதை உண்பவர் என்ன சொல்கிறார் என்று அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் அணி நண்பர்களே, "கிடைப்பதைக் கொடு" என்னும் முன், உங்கள் வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு மருந்தை அப்படித் தேர்வீர்களா என்று எண்ணிப் பாருங்கள்.

மறுப்புகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மருத்துவ நண்பர்களின் திருத்தங்களை முதலில் வரவேற்பேன். கேள்வித்தாள் தொகுப்பில் சேர விரும்பும் மொழியியல், செவிலியர் கல்வி, சமூகப்பணி மாணவர்கள் உட்பெட்டியில் தெரிவியுங்கள். முதல் கேள்வியை எழுதிவைத்திருக்கிறேன்: "மாத்திரை மாத்தினதுக்கு அப்புறம் ஒரு எடத்துல இருப்புக் கொள்ளுதா?" இரண்டாவதிலிருந்து நாம் சேர்ந்து எழுதுவோம்.